லிதுவேனியா, 1382: சித்தப்பாவும் அண்ணன் மகனும்

நேயர்களுக்கு வணக்கம். 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு மாறாமல் பழைய தெய்வங்களையே வணங்கிவந்த பெரிய அரசு லிதுவேனியா. வில்னியஸில் அண்ணன் அல்கிர்தாஸ் அரியணையில் இருந்தார். தம்பி கெஸ்டூடிஸ் ட்ராகாய் கோட்டையில் இருந்தபடி, மேற்கே டியூட்டானிக் படைத்துறவிகளை, அதாவது போர்புரியும் ஜெர்மானியக் கிறிஸ்தவத் துறவியர் அமைப்பைத் தடுத்துவந்தார். இந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பூசலின்றி நடந்தது. 1377இல் அண்ணன் இறந்ததும் அவர் மகன் யோகைலா பட்டத்துக்கு வந்தார், சித்தப்பாவும் ஏற்றுக்கொண்டார்.

1380 மே மாதம், வேட்டைக்குப் போவதாகச் சொல்லிப் போன யோகைலா, படைத்துறவிகளோடு டோவிடிஷ்கேஸ் என்ற இடத்தில் ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டார். கெஸ்டூடிஸையோ அவர் பிள்ளைகளையோ அவர்கள் தாக்கினால் யோகைலா தலையிடமாட்டார். ரகசியம் வெளிப்படாமலிருக்கச் சித்தப்பாவுக்கு உதவ நேர்ந்தால், அது மீறலாகாது! இவ்வளவு விவரமான துரோகத்தை எழுத்தில் காண்பது அரிது.

விஷயத்தைக் கெஸ்டூடிஸுக்குச் சொன்னவர் எதிரணியிலேயே இருந்தார்: படைத்துறவிகளின் ஓஸ்டரோட் கோட்டைத் தலைவர், கெஸ்டூடிஸ் மகளின் ஞானத்தந்தை. 1381இல் யோகைலா தரப்புப் படை போலோட்ஸ்க் முற்றுகையில் இருந்த சமயம், கெஸ்டூடிஸ் வில்னியஸைப் பிடித்தார். ஒப்பந்தமும் கையில் சிக்கியது. ஆனாலும் விசுவாசப் பிரமாணம் வாங்கிக்கொண்டு, க்ரேவா, விட்டெப்ஸ்க் பகுதிகளை யோகைலாவுக்கே விட்டுக்கொடுத்தார். என் பார்வையில் ஆட்சி கைநழுவியது இங்கேதான். பெருந்தன்மை சரி, போட்டியாளருக்கு மண்ணையும் ஆளையும் ஏன் கொடுக்கவேண்டும்?

1382 ஜூனில் யோகைலாவின் சகோதரன் கரிபுதாஸை அடக்கக் கெஸ்டூடிஸ் தொலைவில் நோவ்கோரத்-செவர்ஸ்க் பக்கம் போயிருந்தார். ரிகாவிலிருந்து வந்து குடியேறிய ஹானுல் என்ற வணிகரின் தலைமையில் வில்னியஸ் வணிகர்கள் யோகைலாவின் படையை உள்ளே விட்டார்கள். ஓயாத எல்லைப்போர் யாருக்கு லாபம், வணிகருக்கா?

ஆகஸ்டில் ட்ராகாய் அருகே இரு படைகளும் எதிரெதிரே நின்றன, போர் நடக்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு உத்தரவாதத்தோடு அழைக்கப்பட்ட கெஸ்டூடிஸும் மகன் விதௌதாஸும் கைதானார்கள். க்ரேவா சிறையில் சில நாட்களிலேயே கெஸ்டூடிஸ் பிணமானார். தூக்குப்போட்டுக்கொண்டார் என்றது யோகைலா தரப்பு, நம்பியவர் சிலரே. உடலைப் பழைய முறைப்படி குதிரை, வேட்டைநாய், வல்லூறு, ஆயுதங்களோடு எரித்தார்கள். விதௌதாஸ் பெண் வேடத்தில் தப்பிப்போய், அதே படைத்துறவிகளிடமே அடைக்கலம் கேட்டார்.

அக்டோபர் 31 அன்று படைத்துறவிகளோடு செய்த துபீசா ஒப்பந்தத்தில், மேற்கு லிதுவேனியாவின் சமோகிதியா நிலத்தைத் துபீசா ஆறுவரை அவர்களுக்குத் தந்து, நான்கு ஆண்டுகளில் ஞானஸ்நானம் பெறுவதாகவும் யோகைலா ஒப்புக்கொண்டார். 1386இல் பெறவும் செய்தார். ஆனால் க்ராகோவில், போலந்து மணிமுடிக்காக.