முற்றத்து முல்லையைப் பார்க்க ஒரு நாள்

(களியக்காவிளைப் பக்கம் ஒரு நூலக ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் நூலகத் தலைவர் அவர்களே, குத்துவிளக்கு ஏற்றி வைத்த ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பள்ளிவாசல் இமாம் அவர்களே, எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலையில் இருந்தும் நெய்யாற்றின்கரையில் இருந்தும் இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் தமிழாசிரியர்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஊராட்சித் தலைவர் அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அது நன்றியில்லாத்தனம். போன துலாமழையில், அதுதான் ஐப்பசி மழையில், இந்த நூலகத்தின் மேற்கு மூலை ஒழுகியது. பழைய புத்தகங்களை எல்லாம் மேசைமேல் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தோம். அம்மா குடையோடு நேரில் வந்து, எந்த ஓட்டில் விரிசல் என்று ஏணி போட்டுப் பார்க்கச் சொல்லி, அந்த வாரமே ஆள் அனுப்பினார்கள். இன்றைக்கு நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகள் பங்குத்தந்தை தந்து உதவியவை. இமாம் அவர்கள் காலையில் என்னைப் பார்த்ததும் ஒன்று சொன்னார்கள்: "தக்கலை வரைக்கும் போகிறீர்கள், ஞானக்கடல் பீர்முகமது அப்பா அடங்கியிருக்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்." தமிழில் மெய்ஞ்ஞானம் பாடிய பெரியவர் அவர். அப்படியே சேர்த்துக்கொள்கிறோம்.

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, பக்கத்து வரலாற்றுச் சின்னங்களுக்கு ஒருநாள் சுற்றுலா. மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். எங்கே போவது, யாரைக் கூட்டிக்கொண்டு போவது, என்ன செலவாகும்.

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மலையாளத்திலும் இதே பழமொழி, ஏறக்குறைய இதே வார்த்தைகளில் உண்டு. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் என் வகுப்பில் 41 பிள்ளைகள். மைசூர் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதி வகுப்பு தூக்கியது. சிதறால் மலை ஏறியவர்கள் என்றேன். நாலு கை. மார்த்தாண்டத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மலை அது. அன்றைக்குப் பிடித்த வருத்தம்தான் என்னை இந்த மேடை வரைக்கும் கொண்டுவந்திருக்கிறது.

சரி, எங்கே போவது? வெயில் ஏறுவதற்கு முன்னால் சிதறால். அங்கிருந்து திருவட்டாறு. நம்மாழ்வார் பாடிய வாட்டாற்றான், ஆதிகேசவப் பெருமாள், அங்கே 22 அடி நீளத்தில் படுத்திருக்கிறார், மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். நானூறு வருடத்துக்கு மேல் நடக்காமல் இருந்த குடமுழுக்கு 2022 ஜூலையில் நடந்தபோது நம் ஊரில் இருந்தும் வேன் போனது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடுகிறது. காமராஜர் முயற்சியில் 1966-இல் கட்டியது. பிற்பகலில் பத்மநாபபுரம் அரண்மனை, பிறகு உதயகிரிக் கோட்டை. திங்கட்கிழமை மட்டும் கிளம்பிவிடாதீர்கள், அன்று அரண்மனை அடைப்பு.

அரண்மனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி அவர்களின் தலைமையில் நடந்த போராட்டம் அது. 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களுக்கு இந்த மேடையில் நான் தலை வணங்குகிறேன். மண் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் பத்மநாபபுரம் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான். நன்றாகவே வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லியாக வேண்டும். பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தின் மேல்தளத்து மரத்தில் 90 வகைப் பூ செதுக்கியிருக்கிறார்கள். ஊட்டுபுரை என்கிற சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தளத்துக்கு ஆயிரம் பேராக இரண்டு தளத்தில் பந்தி உட்காரலாம். கம்பர் பூசித்தது என்று வழிவழியாகச் சொல்லிவரும் சரஸ்வதி விக்கிரகம் ஆண்டுதோறும் நவராத்திரிக்கு இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறது. களியக்காவிளையில் எல்லை தாண்டும்போது இரண்டு மாநிலத்துப் போலீசும் மரியாதை செய்வதைச் சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தவன் நான். அந்த ஊர்வலம் நம் வீட்டு முற்றத்தைத் தாண்டித்தான் போகிறது. முற்றத்து முல்லை!

இப்போது இரண்டாவது விஷயம். யாரைக் கூட்டிக்கொண்டு போவது?

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த நூலகத்தில் இருந்து 38 பேர் ஒரு பஸ்ஸில் போனோம். வெளியூரில் இருந்து ஒரு வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்தியிருந்தோம். அவர் நேரக் கணக்குப்படி முதலில் அரண்மனை. கையில் மைக் வைத்திருந்தார். நாற்பதே நிமிடத்தில் முடித்துவிட்டார். எந்த ஜன்னல் ஓரம் நின்றால் போட்டோ நன்றாக வரும் என்று மட்டும் நின்று நிதானமாகச் சொன்னார். கண்ணாடி மாதிரி மின்னும் அந்தக் கறுப்புத் தரையைக் காட்டி, "முட்டை வெள்ளைக்கரு, சுண்ணாம்பு, வாங்க வாங்க" என்று நடந்தார்.

எங்களோடு ஒரு பாட்டி வந்திருந்தார்கள். நாற்பது வருடம் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர்கள். அண்டிப்பால் பட்டுப்பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். பாட்டி குனிந்து தரையை அந்த விரலால் ஒரு தடவு தடவினார்கள். "இதில் சிரட்டைக் கரி சேர்த்திருக்கு" என்றார்கள். சிரட்டை என்றால் தேங்காய் ஓடு. வழிகாட்டி நாலு அறை தாண்டிப் போயிருந்தார். உண்மைதான். சிரட்டையைச் சுட்டு எடுத்த கரியும் அந்தத் தரையில் உண்டு. யாரும் சொல்லாமலே பாட்டி கண்டுபிடித்துவிட்டார்கள்.

அங்கிருந்து சிதறாலுக்கு வந்து சேரும்போது உச்சி வெயில். வழிகாட்டி அடிவாரத்தில் இளநீர்க் கடையில் உட்கார்ந்துவிட்டார். "மேலே பாறையில் சில சிற்பம் இருக்கு. அரைமணியில் ஏறி இறங்கி வந்துடுங்க." ஏறினோம். பாட்டி பிறந்த வீடு அந்த மலை அடிவாரம்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "விறகு பொறுக்க இங்கேதான் வருவேன். அது பெரிய பாறை, சாமி இருக்கு, அவ்வளவுதான் தெரியும்" என்றார்கள்.

மேலே சமணப் பெரியோர்களான தீர்த்தங்கரர்கள் சிற்பமாக வரிசையாக இருக்கிறார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்த பார்சுவநாதர் இருக்கிறார். 9-ஆம் நூற்றாண்டில் சமணர்களின் திருச்சாரணத்து மலை இது, பின்னால் பகவதி கோயிலானது. எல்லோரும் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், இறங்கத் தயாரானார்கள். அப்போது என் பழைய மாணவி ஒருத்தி, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், "சார், கல்வெட்டு பார்த்துட்டுப் போகலாமே" என்றாள். பழைய கல்வெட்டுகளில் தமிழ் எழுதிய வட்டெழுத்துக்கு நான் வகுப்பில் கொடுத்த அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து, நாலாக மடித்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருந்தாள்.

வெயில் நேரே கல்லில் விழுந்ததால் எழுத்து ஒன்றும் துலங்கவில்லை. பாட்டியின் கறுப்புக் குடையை வாங்கிக் கல்லுக்கு நிழல் பிடித்தோம். செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் இருந்து அடித்தோம். அப்போது பாருங்கள், ஒன்றுமில்லாத பாறையில் வரிவரியாக எழுத்து எழுந்து வந்தது! அந்தப் பிள்ளை அட்டவணையைப் பார்த்து, கல்லைப் பார்த்து, திரும்ப அட்டவணையைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். வட்டெழுத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், நாமாக வைத்துப் படிக்க வேண்டும். கு என்றாள். ர என்றாள். அடுத்ததற்குத் திணறினாள். நான் சொல்லவில்லை, காத்திருந்தேன். "குரத்தி... குரத்திகள்" என்றாள். முப்பத்தெட்டுப் பேரும் அசையாமல் நின்றார்கள்.

அந்நாளில் இந்தப் பக்கத்தை ஆண்ட ஆய் மரபின் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு அது. பேராயக்குடி அரட்டநேமி படாரர் என்ற சமணத் துறவியின் சீடர் குணந்தாங்கிக் குரத்திகள், இந்த மலைப் படாரியாருக்கு, அதாவது இங்குள்ள பெண் தெய்வத்துக்கு, பொன் அணிகலன் செய்து கொடுத்த செய்தி. குரத்தி என்றால் யார் சார் என்று கேட்டார்கள். பெண் குரு, சமணப் பெண் ஆசிரியர் என்றேன். பாட்டி அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டு, "மக்களே, அப்போ அது ஒரு டீச்சரம்மா பேரா?" என்று கேட்டார்கள். ஆமாம் பாட்டி என்றாள். "இந்தப் பாறையில் சாய்ச்சுத்தானே விறகுக்கட்டை இறக்கி வைப்பேன்" என்றார்கள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, கறுத்த அந்த விரலை எழுத்தின்மேல் படாமல், ஒரு நூல் தள்ளி, வரி முடிகிறவரை கொண்டுபோனார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் பெயரை, பள்ளிக்கூடமே போகாத இன்னொரு பெண் அப்படி வாசித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், அன்றைக்கு எங்களுக்கு வழிகாட்டி யார்? மைக் வைத்திருந்தவரா, ஜாமெட்ரி பாக்ஸ் வைத்திருந்த பிள்ளையா?

இதற்காகத்தான் பெரியோர்களே, இந்த மேடையில் நான் ஒரு கோரிக்கையோடு நிற்கிறேன். நம் பிள்ளைகளுக்கு வட்டெழுத்து கற்றுக்கொடுக்க வேண்டும். பாண்டிய நாட்டில் சோழர் ஆட்சிக்குப் பிறகு இந்த எழுத்து மெல்ல மறைந்தது. நம் பக்கத்திலோ அதற்குப் பிறகும் பல நூற்றாண்டு புழங்கியது. கோயில் சுவரில், பாறையில், நம் முன்னோர் எழுதி வைத்த எழுத்து. அதை நாமே பூவேலைப்பாடு என்று நினைத்துக் கடந்து போகிறோம். முற்றத்து முல்லைக்கு மணமில்லாமல் இல்லை, நாம்தான் குனிந்து முகரவில்லை. புதுக்கடைக்குப் பக்கத்தில் பார்த்திவபுரம் இருக்கிறதே, அங்கே 9-ஆம் நூற்றாண்டில் ஆய் அரசன் கருநந்தடக்கன் 95 மாணவர்கள் படிக்க ஒரு சாலை, அதாவது ஒரு கல்விக்கூடம், நிறுவினான். காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்து நிறுவியது என்று அவன் செப்பேடே சொல்கிறது. 95 பேர் வேண்டாம், எனக்கு 20 பிள்ளைகள் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, இதே கூடத்தில். காசு வேண்டாம். அட்டவணை நான் தருகிறேன். தலைவர் அம்மா ஒரு கரும்பலகையும், மாலையில் ஒரு மணி நேரம் விளக்கும் தந்தால் போதும். ஆறு மாதத்தில் அந்த 20 பேரும் நம் ஊர் வழிகாட்டிகள். எந்தப் பள்ளி, எந்தக் குடும்பம் கேட்டாலும் கூடப் போவார்கள், தமிழில் சொல்வார்கள். மலையாளம் பேசுகிறவர்கள் வந்தால் மலையாளத்திலும் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் வீட்டு மொழிதானே.

உதயகிரிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. மான் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். உள்ளே இடிந்த தேவாலயத்தில் டிலனாய் அடங்கியிருக்கிறார். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனித் தளபதி. பிறகு அதே அரசரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-இல் இங்கேயே காலமானார். கல்லறைக் கல்லில் லத்தீன் இருக்கிறது, பக்கத்தில் தமிழ் இருக்கிறது. கடல் தாண்டி வந்த ஒருவருக்குத் தமிழில் கல்லறை வாசகம் வெட்டிய ஊர் இது! நம் பிள்ளை அதை வாய்விட்டு வாசிக்காமல் மானை மட்டும் பார்த்துவிட்டு வரலாமா? புனிதர் தேவசகாயம் பிள்ளைக்குக் கிறித்தவம் அறிமுகமானது இந்த டிலனாய் வழியாகத்தான். பங்குத்தந்தை இதைப் பற்றி என்னைவிட விரிவாகச் சொல்வார்கள்.

வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அதில் இரண்டு கோரிக்கை எழுதியிருக்கிறது. ஒன்று, கல்வெட்டு இருக்கும் ஒவ்வொரு இடத்திலும் அதன் வரிகளை இன்றைய தமிழ் எழுத்தில் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். மற்றது, பயிற்சி பெற்ற உள்ளூர் மாணவர்களை வழிகாட்டிகளாக அனுமதிக்க வேண்டும். சிதறால் மத்தியத் தொல்லியல் துறையிடம், அரண்மனை கேரளத்திடம், பூங்கா தமிழ்நாட்டு வனத்துறையிடம். மூன்று இடத்துக்கும் மனு போக வேண்டும், அதனால் மூன்று பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் போடுகிற கையெழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு.

செலவைப் பற்றிச் செயலாளர் தனியே சொல்வார், என் நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நூலக வாசலில் இருந்து பஸ் கிளம்பும். இந்த முறை முதலில் சிதறால். கட்டுச்சோறு கொண்டு வாருங்கள். அந்தப் பாட்டியும் வருகிறார்கள், பேரன் பேத்தி மூன்று பேரையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் கறுப்புக் குடை இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். கல்லுக்குப் பிடிக்க வேண்டும்.

வணக்கம்.