ஒன்றும் நடக்காத நாள்

(கும்பகோணம் பள்ளித் தீ விபத்தின் நினைவு நாளில், ஆசிரியர் பயிற்சி மாணவர்களிடையே ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் இருக்கும் பெரியோர்களே, நாளைக்கு சாக்பீஸ் பிடிக்கப்போகும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'வாழ்வுக்கு நன்றி' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் தஞ்சாவூர் மாவட்டத்திலேயே காலம் முழுக்க வேலை பார்த்த ஒரு டீச்சரை ஜூலை 16-ஆம் தேதி மேடையேற்றி இந்தத் தலைப்பைக் கொடுத்தால், "யாருக்கு நன்றி?" என்றுதான் அவள் முதலில் கேட்பாள்.

எங்கேயோ ஒரு பெரிய விபத்து. டிவியில் பார்க்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "கடவுள் புண்ணியத்துல நம்ம பிள்ளை நல்லாருக்கு" என்கிறோம். சொல்வது இயற்கை. அதையே பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியுமா? அந்த வீட்டுக்கு மட்டும் புண்ணியம் எட்டவில்லையா? அதனால் அந்த நன்றியில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை. நான் வேறொரு கணக்கு வைத்திருக்கிறேன். கணக்கு டீச்சர் இல்லையா!

உங்களில் பலர் அப்போது பிறந்தே இருக்க மாட்டீர்கள். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. சத்துணவு சமைக்கும் இடத்தில் முற்பகலில் பிடித்த தீ, மாடியில் வகுப்புகளுக்கு மேலே வேய்ந்திருந்த தென்னங்கீற்றுக்குத் தாவியது. இறங்குவதற்கு ஒடுக்கமான படிக்கட்டு. எரிகிற மூங்கிலும் கீற்றும் பிள்ளைகள் தலைமேலேயே சரிந்தன. 94 குழந்தைகள். தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். இன்றைக்கு இருந்திருந்தால் முப்பதை நெருங்கியிருப்பார்கள். அவர்களில் சிலர் இந்நேரம் தங்கள் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தப் பெற்றோர் வருஷா வருஷம் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வீட்டில் பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டு, அதற்குப் பிடித்த தின்பண்டத்தை வாங்கிவந்து படையல் வைக்கிறார்கள். புதுத்துணி வைக்கிறார்கள். சிலர் புத்தகப் பையையும் எடுத்து வைக்கிறார்கள். பிறகு பள்ளி இருந்த இடத்துக்கு வந்து, எல்லாப் பிள்ளைகளின் படமும் சேர்ந்த பேனர் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அந்தப் பேனரைக் கொஞ்ச நேரம் பார்த்தால் ஒன்று புலப்படும். அம்மா அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. படத்தில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அதே ரெட்டைச் சடை, அதே ரிப்பன்.

வழக்கைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆனது. 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்தது, பிறகு மேல்முறையீட்டில் அதுவும் குறைந்தது. பெற்றோர் பட்ட அலைச்சலைச் சொல்ல இந்தக் கூட்டம் போதாது.

நான் பேச வந்தது கீற்றைப் பற்றி. சிரிக்காதீர்கள். 1997 ஜூன் 7, தஞ்சாவூர் பெரிய கோயில் கும்பாபிஷேகம். கீற்றால் போட்ட யாகசாலைப் பந்தல் எரிந்தது. நாற்பது பேருக்கு மேல் போனார்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. கீற்றுக் கொட்டகையில் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர். ஓடக்கூட வழியில்லை அவர்களுக்கு. 2004 ஜனவரி, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம். கீற்றுப் பந்தல் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பது பேருக்கு மேல். அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான் கும்பகோணம். ஸ்ரீரங்கத்திலிருந்து கும்பகோணம் பஸ்ஸில் போனால் ஒரு பொழுதுகூட ஆகாது. ஆறு மாதத்தில் அந்தச் செய்தி அவ்வளவு தூரம் போய்ச் சேரவில்லை.

கீற்றின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. டெல்டாவில் வெயிலுக்கு அதைப்போலக் குளிர்ச்சி எதில் உண்டு? செலவும் குறைவு. எங்கள் பள்ளியிலும் மூன்றாம் வகுப்பு கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. மழை பெய்தால் ஒழுகும் இடத்தில் வாளி வைப்போம். அந்த ஜூலைக்குப் பிறகு உத்தரவு வந்தது. தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றைப் பிரித்தார்கள். எங்கள் கொட்டகையையும் பிரித்து, கயிற்றை அறுத்து, மூங்கிலை ஒரு பக்கமாகச் சாத்தினார்கள். அடுத்த சில வாரம் மூன்றாம் வகுப்பு புங்கமரத்தடியில். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பிறகு ஓட்டுக் கட்டடம் வந்தது.

அந்த ஓட்டுக்கு அடியில் எத்தனை செட் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லியிருக்கும்! அந்த ஓட்டை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. கல்வெட்டில் வேறு யார் யார் பெயரோ இருக்கிறது. காசிராமன் தெருப் பிள்ளைகள் போன பிறகுதான் அது வந்தது. அந்த விபத்தை முன்வைத்துப் போட்ட வழக்கில்தான் 2009-இல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடக்கம் என்றது. எல்லாப் பள்ளியிலும் தீயணைப்புக் கருவி வைக்கச் சொன்னது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னது. நீங்கள் வேலைக்குப் போகும் பள்ளியின் சுவரில் சிவப்பாக ஒரு சிலிண்டர் தொங்கும். அந்த வழக்கின் கதையும் அதில் தொங்குகிறது. தேதி முடிந்துபோன சிலிண்டராகவும் இருக்கலாம், ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஆக, என் நன்றி இந்தப் பக்கம்தான் போகிறது. அவர்கள் கொடுக்க நினைத்துக் கொடுக்கவில்லை, பிடுங்கிக்கொள்ளப்பட்டது. வாங்கிக்கொண்டவர்கள் நாம். இந்தக் கடனை நினைத்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை, கூச்சம்தான் வருகிறது. வரட்டும்.

அதே 2004-இல் டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 30,000-க்கும் மேல். சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்து, அலை நம் கரைக்கு வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த இரண்டு மணி நேரம் கரையில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது. கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள், வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்த கூட்டம் கடற்கரையில் நின்றது. பிறகு 2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.

2012 ஏப்ரல் 11 யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அதே சுமத்ரா கடலில் 8.6 அளவில் பூகம்பம். சென்னையில்கூட அதிர்வு தெரிந்தது. உடனே எச்சரிக்கை வந்தது. கரையோர மக்களை வெளியேறச் சொன்னார்கள், மெரினாவைக் காலி செய்தார்கள். பெரிய அலை வரவில்லை. சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். நாகப்பட்டினம் பக்கம் எனக்கு ஒரு சித்தி உண்டு. அன்றைக்கு ராத்திரி போனில், "ஒண்ணும் வரலடி. அடுப்புல வெச்ச குழம்பை அப்படியே போட்டுட்டு ஓடுனேன், கருகிப் போச்சு" என்று ஒரே புலம்பல். மீன் என்ன விலை, அது எப்படி வீணாய்ப் போனது என்று அரைமணி நேரம். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் அழுகைச் சத்தம்தான் கேட்டது. இப்போது கருகிய குழம்புக்கு வருத்தப்பட ஆள் இருக்கிறது.

நினைவஞ்சலி என்பதற்குப் பலன் உண்டா என்று என்னிடம் கேட்டால், ஏப்ரல் 11-ஐத்தான் சொல்வேன். ஒன்றும் நடக்காத நாள். அந்த நாளுக்கு நினைவுத்தூண் கிடையாது, பேப்பரில் வருஷா வருஷம் படம் வராது. நீங்கள் முப்பது வருஷம் வேலை பார்த்து, அப்படியே சப்பென்று ரிடையர் ஆனீர்கள் என்று வையுங்கள். யாரும் மாலை போட மாட்டார்கள். பரவாயில்லை, போட்டுக்கொள்ளாதீர்கள்.

எங்கள் பள்ளியில் மாதம் ஒருமுறை மணியை விடாமல் அடித்து, பிள்ளைகளைப் படியிறக்கி மைதானத்தில் நிறுத்துவேன். பிள்ளைகள் சிரிக்கும், உடன் வேலை பார்த்தவர்களும், "பெரியம்மா ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரிப்பார்கள். இன்னொன்று, பிள்ளைகள் ஓடிவிடக் கூடாது என்று கேட்டைப் பூட்டிவிட்டு, சாவியைத் தலைமையாசிரியர் பீரோவில் வைக்கும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. பீரோ சாவி அவர் பையில், அவர் மீட்டிங்கில். போகிற பள்ளியில் முதல் நாளே சாவி யாரிடம் என்று கேளுங்கள். புதுசாக வந்த பொடியனுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். கேளுங்கள்.

சீட்டு வந்துவிட்டது, முடித்துக்கொள்கிறேன். மேடையிலிருந்து பார்த்ததில் ஒரு விஷயம் உறுத்துகிறது. இந்த மண்டபத்துக்கு இரண்டு வாசல். இடது பக்க வாசலை அடைத்து நாற்காலிகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். நன்றியுரைக்கு முன்னால் நாலு தம்பிகள் எழுந்து வாங்க. எடுத்து ஓரமா வெச்சிடலாம்.