குழாய்க்கு யார் வழிவிடுவது? பிஐஎம் மூலம் பொறியியல் துறைகளை ஒருங்கிணைத்தல்

(திரையில்: ஒரு தாழ்வாரக் கூரையின் குறுக்குவெட்டுத் தோற்றம்)

வணக்கம். இந்தத் தாழ்வாரத்தில் பீமின் அடிப்பகுதிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் இடையே 550 மி.மீ. இடம் இருக்கிறது. அதில் 400 மி.மீ. உயரமுள்ள, காற்றைக் கொண்டுபோகும் ஏசி டக்ட் செல்கிறது; மேலும் கீழும் தலா 25 மி.மீ. இன்சுலேஷனைச் சேர்த்தால் 450 மி.மீ. போய்விடுகிறது. எஞ்சிய 100 மி.மீ. இடத்தில், டக்டுக்குக் குறுக்கே 110 மி.மீ. கழிவுநீர்க் குழாய் கடந்தாக வேண்டும். ஏசி வரைபடத்தையும் பிளம்பிங் வரைபடத்தையும் தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பிழை இல்லை.

(திரையில்: துறை மாதிரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இணைகின்றன)

இத்தகைய சிக்கலைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே காட்டித்தருவது கட்டடத் தகவல் மாதிரியாக்கம், சுருக்கமாக பிஐஎம். கட்டடக்கலை, கட்டமைப்பு, ஏசி, மின்சாரம், பிளம்பிங், தீயணைப்பு எனத் துறைக்கொன்றாக உருவாகும் முப்பரிமாண மாதிரிகள், பெரும்பாலும் ஐஎஸ்ஓ 16739 வரையறுக்கும் ஐஎஃப்சி என்ற பொது வடிவத்தில் பெறப்பட்டு, ஒரே கூட்டு மாதிரியாக இணைக்கப்படுகின்றன. அளவுகள் எங்கிருந்து தொடங்குகின்றன என்பதைக் குறிக்கும் ஒரே ஆதிப்புள்ளியை அனைவரும் முதல் நாளே ஏற்றிருக்க வேண்டும்; இல்லையேல் குழாய்கள் கட்டடத்துக்கு வெளியே மிதக்கும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது நடக்கக்கூடியதே.

அடுத்தது கிளாஷ் சோதனை, அதாவது கூட்டு மாதிரியில் எவை எங்கே மோதுகின்றன என்று மென்பொருளால் தேடுவது. இரு பொருள்கள் ஒன்றையொன்று ஊடுருவுவது ஒரு வகை. ஊடுருவாவிட்டாலும், வால்வைத் திருப்பக் கை நுழைய இடமில்லாமல் போவது இன்னொரு வகை. ஒரே குழாய் பத்து பீம்களைத் துளைத்தால் மென்பொருள் பத்து மோதல்கள் என்று எண்ணும். எடுக்க வேண்டிய முடிவோ ஒன்றுதான். அந்த முடிவைப் பொறியாளர்கள்தாம் கூடிப் பேசி எடுக்க வேண்டும் என்பதால், அறிக்கையை அச்சிட்டதோடு ஒருங்கிணைப்பு முடிந்துவிட்டதாகக் கருதுவது தவறு.

(திரையில்: மீண்டும் தாழ்வாரம்)

இங்கே யார் வழிவிடுவது? மின்கம்பிகளையும் அழுத்தத்தில் ஓடும் நீர்க்குழாய்களையும் மேலும் கீழும் வளைக்கலாம். கழிவுநீரோ சரிவை நம்பியே ஓடுகிறது. 1:100 சரிவில், டக்டைக் கடந்தபின் 6 மீட்டர் தொலைவில், குழாய்கள் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட்டை அடைவதற்குள் குழாய் 60 மி.மீ. இறங்கிவிடும். ஆகவே டக்ட்தான் மாற வேண்டும். 450 மி.மீ. அகலமும் 400 மி.மீ. உயரமும் கொண்ட டக்டை 600-க்கு 300 என்று தட்டையாக்கினால் குறுக்குவெட்டுப் பரப்பு மாறாது. காற்றின் உராய்வு சற்றுக் கூடுவதால் ஃபேனின் அழுத்தத்தை மட்டும் ஏசி பொறியாளர் மறுபடி கணக்கிட வேண்டும். இப்போது டக்டுக்குக் கீழே 200 மி.மீ. கிடைக்கிறது. குழாய்க்கும் அதன் இறக்கத்துக்கும் 170 போக, மீதி 30 மி.மீ. கிளாம்புக்கு.

இந்த முடிவு, எடுத்தவரின் பெயரோடும் தேதியோடும், சிக்கல்களைத் துறைகளுக்கிடையே பரிமாறப் பயன்படும் பிசிஎஃப் கோப்பாகப் பதிவாகிறது. இதில் முழு மாதிரியையும் அனுப்பத் தேவையில்லை. சிக்கல் இருக்கும் கோணமும் குறிப்பும் சென்றால் போதும். பீமைத் துளைத்தே தீர வேண்டிய இடங்கள் மட்டும், குழாய் செல்லும் துளைகளைக் காட்டும் ஸ்லீவ் வரைபடமாகக் கட்டமைப்புப் பொறியாளரிடம் செல்லும். அவர் ஒப்புதல் தந்த பிறகே அங்கு கம்பி கட்டத் தொடங்க வேண்டும்.