ரிங்கோ சதுரங்கம் கற்றுக்கொண்ட ஆல்பம்

(இசை ரசிகர்களின் சிறு கூட்டம் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியது. பேச்சின் தடுமாற்றங்களை மட்டும் கொஞ்சம் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

'பெரிய ராக் குழுக்களின் தலைசிறந்த ஆல்பம் எது?' இதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த என் மனைவி, "தீர்ப்பு வேற சொல்லப் போறீங்களா?" என்று கேட்டாள். சொல்லத்தான் போகிறேன். 'ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் சிறப்பு' என்று வழவழவென்று பேசிவிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கொண்டு போவதற்கு, பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம்.

முதலில் பட்டியல்களை ஓரமாக வைத்துவிடுவோம். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை 2003-இல் 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது முதலிடம் இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவுடைய 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு. அதே பத்திரிகை 2020-இல் மறுபடி ஓட்டெடுப்பு நடத்தியது. முதலிடத்துக்கு அமெரிக்கப் பாடகர் மார்வின் கே வந்துவிட்டார். 'பெப்பர்ஸ்' 24-ஆம் இடத்துக்கு இறங்கியது. பீட்டில்ஸின் 'அபி ரோடு' 5-ஆம் இடத்திலும் 'ரிவால்வர்' 11-ஆம் இடத்திலும் நின்று அதை முந்திக்கொண்டன. 17 வருஷத்தில் அந்தப் பாட்டுகள் எதுவும் மாறவில்லை; ஓட்டுப் போட்டவர்கள்தான் மாறினார்கள். ஆகவே பட்டியலைக் காட்டி யாரும் என்னை மடக்க வேண்டாம்.

இன்னொரு விதியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தொகுப்பு ஆல்பங்களுக்குப் போட்டியில் இடம் கிடையாது. குயீன் குழுவின் 1981 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற ஆல்பம். நல்ல பாட்டெல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது என்பதற்காக அதைச் சிறந்த ஆல்பம் என்றால், கல்யாண வீட்டுப் பந்தியை ஒரே பதார்த்தம் என்று சொல்வது போலாகிவிடும்.

சரி, ஆல்பம் என்றால் என்ன? எனக்கு அது தப்பாகத்தான் தெரியவந்தது. 1984. திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் ரெகார்டிங் கடை என்று ஒன்று உண்டு. காலி கேசட்டைக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். 60 நிமிஷ கேசட் ஒன்றைக் கொடுத்து, பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' கேட்டேன். அந்த ஆல்பம் மொத்தமே 43 நிமிஷம்தான். இசைத்தட்டில் அதன் முதல் பக்கம் சுமார் 19 நிமிஷம். கேசட்டின் ஒரு பக்கமோ 30 நிமிஷம். மிச்சம் 11 நிமிஷ டேப் வீணாகிறதே என்று கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

முதல் பக்கம் 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' பாட்டோடு முடியும். அதில் வரிகளே இல்லை. ஒரு பெண் குரல் கதறி, அலைந்து, களைத்து, அடங்கும். அது அடங்குகிற இடத்தில், என் கேசட்டில், போனி எம் குழுவின் 'ரஸ்புடின்' பாட்டு தடதடவென்று ஆரம்பிக்கும். இரண்டு வருஷம் அதுதான் பிங்க் ஃபிளாய்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன துணிச்சல், சாவைப் பற்றிப் பாடிவிட்டு உடனே இப்படி ஆட வைக்கிறார்களே என்று விடுதியில் எல்லாரிடமும் விளக்கம் வேறு சொன்னேன். இன்றைக்கும் அந்தக் குரல் அடங்கும்போது என் கால் 'ரஸ்புடின்' தாளத்துக்குத் தயாராகிவிடுகிறது.

கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் செய்ததை அமெரிக்காவில் பெரிய கம்பெனியே கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. 1966 ஆகஸ்டில் பிரிட்டனில் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தில் 14 பாட்டு. ஜான் லெனன் முன்னின்று பாடியவை 5, பால் மெக்கார்ட்னி பாடியவை 5, ஜார்ஜ் ஹாரிசன் 3, ரிங்கோ ஸ்டார் 1. அமெரிக்காவில் கேபிடல் கம்பெனி இதிலிருந்து லெனனின் 3 பாட்டுகளை முன்கூட்டியே உருவி, அதற்கு இரண்டு மாதம் முன்னால் வெளியிட்ட வேறொரு ஆல்பத்தில் சேர்த்துவிட்டது. அமெரிக்கக்காரர்களுக்குக் கிடைத்த 'ரிவால்வரில்' 11 பாட்டுதான். லெனனுக்கு வெறும் 2. ஹாரிசனைவிடக் குறைவு! 1987-இல் சி.டி. வந்தபோதுதான் உலகம் முழுக்க 14 பாட்டு 'ரிவால்வர்' ஒரே மாதிரி போய்ச் சேர்ந்தது. அதுவரை ஒரு அமெரிக்கரும் ஒரு ஆங்கிலேயரும் 'ரிவால்வர்' பெரிதா, 'பெப்பர்ஸ்' பெரிதா என்று சண்டை போட்டிருந்தால், இருவர் கையிலும் இருந்தது வேறு வேறு இசைத்தட்டு.

இப்போது என் அளவுகோலுக்கு வருகிறேன். ஒரு குழுவின் சிறந்த ஆல்பம் என்றால் அதில் குழு இருக்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 'பெப்பர்ஸ்' நினைவுகளைப் பற்றி ரிங்கோ பின்னாளில் சொன்னது என்ன தெரியுமா? அந்தப் பதிவுகளின்போதுதான் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொண்டாராம். மற்றவர்கள் பாட்டுமேல் பாட்டாக அடுக்கிக்கொண்டிருக்க, டிரம்மர் தன் முறை வரும்வரை ஓரத்தில் காய் நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறார். ஹாரிசனுக்கு அதில் ஒரே பாட்டு. சிதார், தில்ரூபா எல்லாம் ஒலிக்கிற அந்தப் பாட்டில் வேறு எந்த பீட்டிலும் வாசிக்கவில்லை. 'பெப்பர்ஸ்' பிரமாதமான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் மெக்கார்ட்னி கட்டிய வீடு. மற்றவர்கள் அதில் குடியிருந்தார்கள்.

'ரிவால்வர்' அப்படி இல்லை. ஆல்பத்தைத் திறப்பதே ஹாரிசனின் 'டாக்ஸ்மேன்'. அந்தப் பாட்டில் வெட்டி வெட்டி வருகிற கிடார் சோலோவை வாசித்தவர் ஹாரிசன் இல்லை, மெக்கார்ட்னி. ஒருவர் பாட்டுக்குள் இன்னொருவர் உரிமையோடு புகுந்து புறப்படுகிற காலம் அது.

கடைசிப் பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்'. ஆல்பத்தில் கடைசியாக வந்தாலும் முதலில் பதிந்தது இதைத்தான், 1966 ஏப்ரலில். கிட்டத்தட்ட ஒரே சுரத்தில் நிற்கிற பாட்டு. உள்ளே தம்புரா ஒலிக்கிறது. கச்சேரி கேட்டுப் பழகிய நமக்குச் சுருதிமேல் நின்று பாடுவது அதிசயமில்லை, அவர்களுக்கு அது பூகம்பம். ஒலிப்பதிவு செய்தவர் ஜெஃப் எமரிக், வயது 20. பெரிய டிரம்மின் வயிற்றுக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்தார். ஸ்டுடியோ விதியை மீறி மைக்கை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ரிங்கோ அடிக்கிற ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து விழுகிறதே, அந்த ஸ்வெட்டர் செய்த வேலை. இன்னொரு பக்கம் வட்டமாக ஒட்டிய டேப் துண்டுகள் இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன; அவை தொய்ந்துவிடாமல் இருக்கத் தொழில்நுட்ப ஆட்கள் பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இவ்வளவு கூத்துக்கும் நடுவில் பாட்டைத் தாங்கி நிற்பது ரிங்கோவின் தாளம். அன்றைக்கு அவருக்குச் சதுரங்கம் ஆட நேரமில்லை. என் தீர்ப்பு: பீட்டில்ஸ் என்றால் 'ரிவால்வர்'.

'அபி ரோடு' கட்சிக்காரர்கள் முன்வரிசையில் முறைக்கிறீர்கள். உங்களுக்கும் நியாயம் உண்டு. அதன் கடைசியில் மெக்கார்ட்னி, ஹாரிசன், லெனன் மூவரும் முறைவைத்து மாறி மாறி கிடார் வாசிக்கிறார்கள். அதற்கு முன்னால் ரிங்கோ ஒரு தனி ஆவர்த்தனமே செய்கிறார். ஆனால் அதே ஆல்பத்தின் 'ஹியர் கம்ஸ் த சன்' பாட்டில் லெனன் இல்லை. பிரியப் போகிறவர்கள் கடைசியாகச் சேர்ந்து எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ அது. அழகான போட்டோதான்.

லெட் செப்லினைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அந்த நால்வரும் அநேகமாக எப்போதும் முழுசாக இருந்தார்கள். அதனால் என் அளவுகோலுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. 1979-இல் வந்த 'இன் த்ரூ தி அவுட் டோர்' மட்டும் விதிவிலக்கு: ஸ்டாக்ஹோமில் பதிந்தபோது கிடார் வாசிக்கிற பேஜும் டிரம்மர் பான்ஹமும் பல சமயம் நேரத்துக்கு வரவில்லை. பேஸ் கிடார் வாசிக்கிற ஜோன்ஸும் பாடகர் பிளான்ட்டும்தான் பாதி வேலையை இழுத்துப்போட்டுச் செய்தார்கள். கேட்டாலே தெரியும். மற்றபடி என் ஓட்டு 1971-இல் பெயரே இல்லாமல் வந்த நாலாவது ஆல்பத்துக்கு. ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் கூடத்தில் பான்ஹமை டிரம்ஸோடு உட்கார வைத்து, மாடிப்படியின் மேலேயிருந்து இரண்டு மைக்கைத் தொங்கவிட்டு, 'வென் த லெவி பிரேக்ஸ்' பதிந்தார்கள். அந்த வீட்டின் கூடமும் படிக்கட்டும் அந்தக் குழுவில் ஐந்தாவது ஆள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் என்னைச் சங்கடத்தில் மாட்டிவிடுகிறவர்கள். அவர்களின் சிறந்த ஆல்பம் 1972-இன் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் குழு எங்கே இருக்கிறது? வருமான வரிக்குப் பயந்து இங்கிலாந்தைவிட்டுப் போய், பிரான்ஸின் தென்கரையில் குழுவின் கிடார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் எடுத்த வாடகை மாளிகையின் நிலவறையில், புழுக்கத்தில் கிடார் சுருதி இறங்க இறங்கப் பதிந்தது. 18 பாட்டில் குழுவின் பேஸ் கிடார்காரர் பில் வைமன் பெயர் எட்டுக்குத்தான் இருக்கிறது. 'ஹேப்பி' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அந்த நேரத்துக்கு யார் விழித்திருந்தார்களோ அவர்கள்தான் குழு. இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அளவுகோல் பிழை என்று எழுதிக்கொள்ளுங்கள், மேலே போவோம்.

பிங்க் ஃபிளாய்டில் பிழை இன்னும் ஆழமானது.

கணக்குப்படி பார்த்தால் 1973-இன் 'டார்க் சைட்' தான் ஜெயிக்க வேண்டும். வரிகளெல்லாம் குழுவில் பேஸ் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ் எழுதியவை என்றாலும், இசையில் நாலு பேர் கையும் இருக்கிறது. 'மனி' பாட்டின் தொடக்கத்தில் வரும் சில்லறைச் சத்தத்துக்காக, வாட்டர்ஸ் தன் மனைவி மண்பாண்டக் களிமண் கலக்க வைத்திருந்த பெரிய பாத்திரத்தில் காசுகளை எறிந்தார். கல்லாப்பெட்டி, கிழிகிற காகிதம் என்று ஒவ்வொரு சத்தத்தின் டேப்பையும் அளந்து வெட்டி ஏழாக ஒட்டினார்கள். பாட்டும் ஏழு எண்ணிக்கையில் ஓடுகிறது. மிஸ்ர சாபு போட்டுப் பாருங்கள், உட்காரும். குழுவின் கிடார் கலைஞர் கில்மரின் சோலோ வரும்போது மட்டும் நாலுக்குத் தாவிவிடும். நான் முதலில் சொன்ன அந்தப் பெண் குரல் கிளேர் டாரி. வெளியிலிருந்து கூப்பிட்ட பாடகி. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு போனார். 30 வருஷம் கழித்து வழக்குப் போட்டார். 2005-இல் சமரசமாகி, இசையமைப்பில் அவர் பெயரும் ஏறியது. தாமதமானாலும் சரியான கணக்கு.

இத்தனைக்கும் பிறகு நான் தேர்ந்தெடுப்பது அடுத்த ஆல்பத்தை. 1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்'. அது இல்லாமல்போன ஒரு ஆளைப் பற்றியது. குழுவை ஆரம்பகாலத்தில் நடத்திய சிட் பேரட் 1968-இல் மனம் சிதறி வெளியேறினார். அவருக்காகத்தான் 'ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்'. 1975 ஜூனில் அபி ரோடு ஸ்டுடியோவில் அந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருக்கிறது. தலையும் புருவமும் மழித்த, பருத்த ஒரு மனிதர் உள்ளே வந்து நிற்கிறார். யாரோ ஸ்டுடியோ ஆள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள். அது சிட் என்று புரிய வெகுநேரம் ஆகிறது. 'நீ இங்கே இருந்திருக்கலாமே' என்று ஆல்பம் செய்கிறவர்களுக்கு, அவன் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அந்த ஆல்பத்தில் குழு முழுசாக இருக்கிறதா என்று கேட்டால், ஒரு ஆள் அதிகமாகவே இருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன்.

பிங்க் ஃபிளாய்டின் பிந்தைய ஆல்பமான 'த வால்' கட்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வேலையின் நடுவில் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டைக் குழுவிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். பிறகு மேடைக் கச்சேரிகளுக்குச் சம்பள ஆளாக வந்து வாசித்தார். கச்சேரிகள் பெரும் நஷ்டம். நால்வரில் கையில் காசு பார்த்தவர் சம்பளம் வாங்கிய ரைட் மட்டும்தான். நல்ல ஆல்பமா என்று கேட்காதீர்கள், அந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கடைசியாக ஃபிளீட்வுட் மேக். என் அளவுகோலுக்கென்றே பிறந்த ஆல்பம் 1977-இன் 'ரூமர்ஸ்'. கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் 1976-இல் பதியத் தொடங்கியபோது குழுவில் காதலர்களாக இருந்த லிண்ட்சி பக்கிங்ஹமும் ஸ்டீவி நிக்ஸும் பிரிந்துகொண்டிருக்கிறார்கள். ஜான் மெக்வியும் கிறிஸ்டின் மெக்வியும் கணவன் மனைவி; அவர்களும் பிரிந்தாயிற்று. மிக் ஃபிளீட்வுட்டின் குடும்பமும் உடைகிறது. ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காதவர்கள், ஆனால் மைக் முன்னால் வந்துதான் ஆக வேண்டும். 'கோ யுவர் ஓன் வே' பாட்டில் பக்கிங்ஹம் நிக்ஸைத் திட்டுகிறார். பின்னணிக் குரல் கொடுப்பது நிக்ஸேதான். கிறிஸ்டின் தன் புதுக் காதலரை நினைத்து எழுதிய பாட்டுக்கு பேஸ் வாசித்தவர் பழைய கணவர். யாரைப் பற்றிய பாட்டு என்று அவர் கேட்டதற்கு, நாய்க்குட்டியைப் பற்றி என்று சொல்லிவிட்டாராம்.

நிக்ஸின் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' இந்த ஆல்பத்தில் வரவில்லை. பாட்டு நீளம். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் 22 நிமிஷத்துக்கு மேல் போனால் ஒலி மெலிந்துவிடும், அதனால் எடுத்துவிட்டார்கள். நிக்ஸுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எடுத்த பாட்டை எங்கே போட்டார்கள் என்றால், அவரைத் திட்டுகிற 'கோ யுவர் ஓன் வே' பாட்டுக்குத் தனியாக வந்த சின்ன இசைத்தட்டின் பின்பக்கத்தில்! நம்மூர்க் கூட்டுக் குடும்பத்தில்கூட இவ்வளவு விஷமம் நடக்காது.

'ரூமர்ஸ்' ஆல்பத்தில் ஐந்து பேர் பெயரிலும் இருக்கிற பாட்டு ஒன்றே ஒன்று, 'த செயின்'. யாரும் உட்கார்ந்து எழுதிய பாட்டு இல்லை அது. ஒருவர் விட்டுவைத்த முடிவு, இன்னொருவர் எழுதிய வரிகள், வேறொருவர் கிடார் என்று துண்டு துண்டாக இருந்ததை பிளேடால் டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்தார்கள். மூன்று நிமிஷம் ஆனதும் எல்லாம் நின்றுவிடும். ஜான் மெக்வியின் பேஸ் மட்டும் தனியாக நடந்து வரும், பத்து சுரம். அப்புறம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்துகொள்வார்கள்.

மைக் செட் தம்பி, பேச்சு போதும். அந்த மூணாவது நிமிஷத்திலிருந்து போடுப்பா. பேஸைக் கொஞ்சம் ஏத்து.