கருவில் கலையும் பாவு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் பிறந்தவன். குழந்தைகள் நல மருத்துவனாகி முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் எங்காவது தறியைக் கண்டால் என் கண் முதலில் பாவுக்குத்தான், தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டிய நூலுக்குத்தான், போகும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், விறைப்பாக, நேராக ஓடவேண்டும். பாவு சிக்கிக்கொண்டால் எத்தனை உயர்ந்த பட்டைக் கொடுத்தாலும் சேலை தேறாது என்பார் அப்பா.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கட்டுரையைப் படித்தபோது அந்தப் பாவுதான் நினைவுக்கு வந்தது. பிரான்ஸ் நாட்டின் ரூவான் நகரத்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட கட்டுரை அது. இறந்துபோன சிசுக்களின் மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, இரத்தக் குழாய்கள் மட்டும் தெரியும்படி நிறமேற்றி, உருப்பெருக்கியில் பார்த்திருக்கிறார்கள். மது அருந்தாத தாயின் சிசுவில், மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நுண்குழாய்கள் ஒன்றுக்கொன்று இணையாக, செங்குத்தாக இறங்குகின்றன. அசல் பாவு. கர்ப்ப காலத்தில் மிகுதியாகக் குடித்த தாயின் சிசுவில் அந்த ஒழுங்கு இல்லை. குழாய்கள் சாய்ந்தும் திசை மாறியும் கிடக்கின்றன.

மது மூளையின் நரம்பணுக்களைக் கெடுக்கும் என்பது நமக்கு முன்பே தெரியும். அந்த அணுக்களுக்குச் சோறு கொண்டுபோகும் குழாய்களையும் அது கலைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இந்தக் குழாய்கள் உருவாகும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கருவின் தொடக்க வாரங்களில் மூளைக்குள் இரத்தக் குழாயே கிடையாது. வெளியே ஒரு வலைபோலச் சுற்றிக்கொண்டு நிற்கும். மூளைத் திசு தடிக்கத் தடிக்க, உள்ளே இருக்கும் அணுக்களுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. உடனே அவை ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. அதை ஓர் அழைப்பு என்றே சொல்லலாம். அந்த அழைப்பைக் கேட்டு, வெளியே நிற்கும் குழாய்கள் துளிர்விட்டு உள்ளே இறங்குகின்றன. அதே நேரத்தில், மூளையின் ஆழத்தில் பிறந்த நரம்பணுக்கள் தம் இடத்தைத் தேடி மேற்பரப்பை நோக்கி ஏறிக்கொண்டிருக்கின்றன. குழாய்கள் இறங்க, அணுக்கள் ஏற, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துத்தான் வளர்கின்றன. நரம்பிழைகளுக்கு உறை போர்த்தும் அணுக்கள் இருக்கின்றன அல்லவா, அவை இந்தக் குழாய்களின் மேல் தொற்றிக்கொண்டே நகர்ந்து தம் இடத்தைச் சேர்கின்றன. ஆகவே குழாய் கோணினால் இரத்தம் குறைவதோடு நிற்பதில்லை. அதைப் பிடித்துக்கொண்டு போகிறவையும் வழி தவறக்கூடும்.

தாய் குடித்த மது சில நிமிடங்களிலேயே நஞ்சுக்கொடியைக் கடந்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு சிசுவின் இரத்தத்திலும் ஏறும். தாயின் ஈரல் அதைச் சிதைத்து வெளியேற்றும். சிசுவின் ஈரலுக்கு அந்த வலு இல்லை. பனிக்குட நீரிலும் மது தங்கிவிடுகிறது. அந்த நீரைத்தான் சிசு மறுபடி மறுபடி விழுங்குகிறது.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநில ஆய்வாளர்கள், கருவுற்ற சுண்டெலிக்கு மதுவைக் கொடுத்து, வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் மூளைக் குழாய்களை ஒளிக்கதிர் கொண்டு நேரடியாகப் படம் பிடித்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குள் குழாய்கள் சுருங்கிவிட்டன. சுண்டெலிக்குக் கொடுத்தது பெரிய அளவு. ரூவான் படங்களில் கண்டதும் மிகுதியாகக் குடித்த தாய்மார்களின் சிசுக்கள். ஒரு குவளை ஒயின் குடித்தவருக்கும் இப்படியே ஆகும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று கோடு போட்டுக் காட்டும் அளவு எதையும் மருத்துவம் இதுவரை கண்டதில்லை. அதனால்தான் ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று என்னால் யாருக்கும் சொல்ல முடியாது.

கருவில் மது பட்ட குழந்தைகளிடம் தெரியும் பாதிப்பை மருத்துவ இதழில் முதலில் விரிவாக எழுதியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். நாந்து நகரத்துக் குழந்தை மருத்துவர் பால் லெமுவான், குடிப்பழக்கம் உள்ள பெற்றோரின் 127 குழந்தைகளைப் பார்த்து 1968இல் எழுதினார். வெவ்வேறு குடும்பத்துப் பிள்ளைகள், முகச் சாயலில் உடன்பிறந்தவர்கள்போல இருந்தார்கள். அந்தக் கட்டுரை வட்டார மருத்துவ இதழ் ஒன்றில் வந்ததால் வெளியுலகம் கவனிக்கவில்லை. 1973இல் சியாட்டில் நகரத்து மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் எழுதிய பிறகுதான் இந்த நிலைக்குக் ‘கரு மது நோய்க்குறி’ என்று ஒரு பெயரே வந்தது. சிறிய கண்கள், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய பள்ளம் மழுங்கியிருப்பது ஆகியவை அதன் முக அடையாளங்கள். ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முகம் சாதாரணமாகவே இருக்கும். கவனம் நிற்காது, கணக்கு ஏறாது, நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இருக்காது. பள்ளியில் ‘அடங்காதவன்’ என்று பெயர் வாங்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விடுவார்கள்.

தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களிடம் நான் ஒன்றைத் தவறாமல் நினைவூட்டுவேன். 1960களிலும் 70களிலும் குறைமாதப் பிரசவ வலியை நிறுத்துவதற்காக மருத்துவர்களே கர்ப்பிணிகளுக்கு இரத்தக் குழாய் வழியாக மதுவை ஏற்றினார்கள். எங்கள் தொழிலின் ஏடுகளில் பதிவான சிகிச்சை அது. அறியாமை எங்கள் பக்கமும் இருந்தது.

என் அறைக்கு ஏழு வயதுச் சிறுவனோடு ஓர் அம்மா வந்தார். பையன் நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்காரவில்லை. கர்ப்ப கால அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தார். இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, எடை, எல்லாம் எழுதியிருந்தது. மது பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கேட்டேன். நெடுநேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, “மேஸ்திரி வேலையில் உடம்பு வலிக்கும் டாக்டர். அவர் வாங்கிவருவதில் கொஞ்சம் எனக்கும் ஊற்றுவார். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை” என்றார். பையனுடைய நிலைக்கு அதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது மாதமும் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த எவரும் அவரிடம் கேட்கவில்லை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

நம் ஊரில் பெண்கள் குடிப்பதில்லை என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு கேட்காமல் விட்டுவிடுகிறோம். சளிக்கு ஒரு மூடி பிராந்தி கொடுக்கும் வீடுகள் உண்டு. பதநீர் நல்லது என்று கேள்விப்பட்டு, புளித்துக் கள்ளாகிவிட்டதையும் குடிப்பவர்கள் உண்டு. அரிஷ்டம் என்ற பெயரில் வரும் மருந்துகள் நொதிக்கவைத்துச் செய்யப்படுகிறவை. பீரில் உள்ள அளவுக்கு மது அவற்றில் இருக்கக்கூடும். கர்ப்பமாக இருக்கும்போது வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். பிரான்ஸில் 2007 முதல் மதுப் புட்டிகளில் கர்ப்பிணிக்கான எச்சரிக்கை இருந்தாகவேண்டும். நம் நாட்டில் 2018இல் வந்த விதிகளின்படி புட்டியில் அச்சிடும் வாசகம், உடல்நலத்துக்குக் கேடு என்கிறது, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதே என்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. இது மாறவேண்டும்.

கருவுற்றது தெரியாமல் குடித்துவிட்டேனே என்று கலங்குகிற சகோதரிகள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அம்மா, இன்று நிறுத்தினாலும் பயன் உண்டு. மூளையும் அதன் குழாய்களும் கடைசி மாதம் வரை வளர்ந்துகொண்டே இருக்கின்றன. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நாள்தோறும் நிறையக் குடிக்கும் பழக்கம் இருந்தால் தனியாக, திடீரென்று விடாதீர்கள். நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும், மருத்துவமனையின் துணையோடு விடுங்கள். கணவன்மார்களே, அந்த ஒன்பது மாதமும் புட்டி வீட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூவான் ஆய்வாளர்கள் 2017இல் இன்னொன்றையும் கண்டார்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதம் மதுவால் குறைகிறது. அந்தக் குறைவும் மூளைக் குழாய்களின் சீர்கேடும் சேர்ந்தே போகின்றன. பிரசவம் முடிந்ததும் நாம் அப்புறப்படுத்திவிடும் நஞ்சுக்கொடி, அந்தக் குழந்தையின் மூளையைப் பற்றிப் பிறந்த அன்றே நமக்குக் குறிப்புக் கொடுக்கக்கூடும். அது கைகூடினால் ஏழு வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டிலில் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். அதுவரை அந்த அட்டையில் எழுதப்படாத கேள்வியை நான் வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்; என்னிடம் பயிலும் இளம் மருத்துவர்களையும் கேட்கச் சொல்கிறேன், குரலில் அதட்டல் இல்லாமல்.

வணக்கம்.