சொல்லில் அடங்காத தீவு

அவைத்தலைவர் ஐயா அவர்களே, பேரூராட்சி உறுப்பினர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, மழையையும் பாராமல் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தன் நேரத்தைக் குறைத்துக்கொண்டு எனக்கு விட்டுக்கொடுத்த தலைமையாசிரியர் அம்மாவுக்குத் தனி நன்றி.

அண்டார்டிகாவில் ஒரு தீவுக்குப் பெயர் வந்த கதை, அங்குள்ள பெங்குவின்கள், இன்று நடக்கும் ஆராய்ச்சி என மூன்றையும் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். முதலில் பெயர்.

துருவத்தில் பல இடங்களுக்கு, பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்தான். துருவப் பயணி ஷாக்கிள்டன் ஒரு மாபெரும் பனியாற்றுக்கே தொழிலதிபர் பியர்ட்மோர் பெயரைச் சூட்டினார். ஆனால் தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, இந்தத் தீவின் பெயர் அங்கே துன்பத்தை அனுபவித்தவர்களே வைத்தது.

1912 ஜனவரி. தென்துருவம் தேடிப் போன ஸ்காட்டின் குழுவில் 6 பேரை டெர்ரா நோவா கப்பல் ரோஸ் கடலோரம் இறக்கிவிட்டுப் போனது. கையில் சில வார உணவுதான். கூட்டிப்போக வந்த கப்பலைக் கடல்பனி நெருங்கவிடவில்லை. சூறைக்காற்று கூடாரத்தைக் கிழித்தது. இந்தத் தீவில் பனியைக் குடைந்து, சுமார் 12 அடிக்கு 9 அடியில் ஒரு குகை. நிமிர்ந்து நிற்க முடியாது. சாப்பாடு சீல் என்னும் கடல்நாயின் இறைச்சி, அடுப்புக்கும் விளக்குக்கும் சீல் கொழுப்பு, முகமெல்லாம் கரி. ஒருநாள் வெட்டிய சீலின் வயிற்றில் செரிக்காத மீன்கள் 36! அன்றைக்கு விருந்துதான். தலைவர் கேம்பல் தரையில் ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம் அதிகாரிகள், அந்தப் பக்கம் மாலுமிகள். ஒரு பக்கம் பேசுவது மறுபக்கம் கேட்காததாகவே பாவிக்க வேண்டும். ஆனால் இரவில் மருத்துவர் லெவிக் அந்தக் கொழுப்பு விளக்கொளியில் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலைப் படிப்பார். கோட்டின் இரு பக்கமும் ஒரே கதையைக் கேட்டது!

செப்டம்பர் 30 அன்று கிளம்பி, நவம்பர் 7 அன்று குழுவின் தலைமை முகாம் சேர்ந்தார்கள். 6 பேரும் உயிரோடு. பட்டதைச் சொல்ல வார்த்தையில்லாமல்தான் 'இன்எக்ஸ்பிரஸிபிள் தீவு' என்று வைத்தார்கள்.

அய்யா, பனிக்குகையில் புத்தகம் இருந்தது. நம் ஊரில்? கிளை நூலகத்தை மாலை 5 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்? ஒற்றை அறை வீட்டில், ஓடும் டிவிக்கு நடுவே படிப்பவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! இரவு 8 மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும். உறுப்பினர்கள் இதை அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும்.

பெங்குவின்களுக்கும் ஆராய்ச்சிக்கும் நேரமில்லை, மன்னியுங்கள். மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.