கனிவுடையோருக்கு நிலம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

தாழ்மை என்று சொன்னதும் நம்மில் பலருக்கு ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் கைகட்டி நிற்பதுதான் நினைவுக்கு வரும். வட இலங்கையில் போரில் அடிபட்ட வன்னிச் சனம் எத்தனை வரிசைகளில் அப்படி நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. நிவாரணத்துக்கு, வெளியே போகும் பாஸுக்கு, முகாமில் தண்ணீருக்கு. அங்கே நம்மைக் குனிய வைத்தது பயம். அந்தப் பயத்தைத் தாழ்மை என்று கூப்பிடாதீர்கள். இதை இன்றைக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பொழிவில் இயேசு "கனிவுடையோர் பேறுபெற்றோர்" என்றார். கனிவுடையோர் என்றால் தாழ்மையுள்ளவர்கள்தான். ஏழையரின் உள்ளத்தோருக்கு விண்ணரசு என்று சொன்னவர், கனிவுடையோருக்கு நிலம் கிடைக்கும் என்று சொன்னார். அது 37ஆம் திருப்பாடலிலிருந்து வருவது. பொல்லாதவன் செழிக்கிறானே என்று மனம் எரியாதே, கோபத்தை விடு, ஆண்டவருக்காகக் காத்திரு, எளியோர் நிலத்தை உடைமையாக்குவர் என்று அந்தப் பாடல் போகிறது. காணி பறிபோனவர்கள் அதை வாசித்தால் தங்களுக்கே எழுதியது போலத்தான் இருக்கும்.

எனக்கு அந்த வசனத்தோடு இரணைதீவு நினைவுக்கு வரும். பூநகரிப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன். 1992இல் அந்தச் சனம் போரால் தீவை விட்டு வெளியேறி, இக்கரையில் இரணைமாதாநகரில் வந்து இருந்தது. 2009இல் போர் முடிந்தது. தீவு கடற்படையிடமே இருந்தது. 2017 மே முதலாம் திகதி கரையில் உட்கார்ந்து போராட்டம் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் போனது. பதில் இல்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு, பெண்களும் ஆண்களுமாகக் கடலில் இறங்கிவிட்டார்கள். கையில் ஆயுதமும் இல்லை, அனுமதிக் கடிதமும் இல்லை. தீவில் கால் வைத்ததும் தங்கள் பழைய கோயிலுக்குப் போய்ச் செபித்தார்கள். அப்புறம் கடற்படையிடம், இது எங்கள் ஊர், நாங்கள் இங்கேதான் இருக்கப்போகிறோம் என்று சொன்னார்கள். அடுத்த மாதம் அதிகாரிகள் வந்து, தங்கலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வெள்ளைக்கொடியைப் பயம் என்று யாராவது சொல்வார்களா? கடற்படை நிற்கிற தீவுக்கு வெறுங்கையோடு போக எவ்வளவு துணிவு வேண்டும்!

இயேசுவும் அப்படித்தான் நின்றார். தலைமைக் குருவுக்கு முன்னால் ஒரு காவலன் அவரை அறைந்தான். தவறாகப் பேசியிருந்தால் தவறைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18ஆம் அதிகாரம். மறு கன்னத்தையும் காட்டு என்று போதித்தவரே இப்படிக் கேட்டார். கையை ஓங்கவில்லை, வாயை மூடவும் இல்லை. புருசனிடம் அடிவாங்கி வரும் பெண்ணுக்கு, "தாழ்மையாய் இரு பிள்ளை, பொறுத்துப்போ" என்று புத்தி சொல்கிற பெரியவர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியை வாசியுங்கள். அவளுக்கும் ஏன் அடிக்கிறாய் என்று கேட்க உரிமை உண்டு.

சரி, நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். மோசேயைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன். உலகத்தில் எல்லாரையும்விடச் சாந்தமானவர் என்று எண்ணிக்கை நூல் 12ஆம் அதிகாரம் அவரைச் சொல்கிறது. பார்வோனுக்கு முன்னால் போய், என் மக்களை விடு என்று கேட்டவரும் அவர்தான். பெரிய வியாழனில் பாதம் கழுவுவதைப் பற்றியும், முதலில் காலை நீட்ட மறுத்த பேதுருவைப் பற்றியும் இன்னொரு நாள் பேசுவோம். நன்றி, வணக்கம்.